நோனாவுக்கென்று கட்டிய குளியலறை

கக்கூசு வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்த வீட்டுக்காரர்கள் சுத்தமானவர்கள் என்பது எங்கள் ஊரின் அபிப்பிராயம். அப்படிப் பார்த்தால் எங்கள் தீவின் மடத்துவெளியில் எங்களை விடச் சுத்தமான குடும்பம் இருந்திருக்க முடியாது. எங்கள் வளவு அவ்வளவு நீளம். முன்னுக்கு வீடு, பின்னுக்குத் தனியாகச் சமைக்கிற குசினி, அதற்குப் பின்னால் கிணறு, கிணற்றைத் தாண்டி மாட்டுக்கொட்டில், அதையும் தாண்டி ஒரு வரிசைப் பனை, பனைக்கு அப்பால் வேலியோரமாக அந்த ஒற்றை அறை. மாரி காலத்தில் குடை பிடித்துக்கொண்டு போக வேண்டும். கோடையில் வழியெல்லாம் முருகைக்கல் காலைக் குத்தும். நான் பிறந்து வளர்ந்ததே அந்த வளவில்தான். ஒரு நாளும் அதில் ஒரு குறை கண்டதில்லை. காலும் இடுப்பும் ஒழுங்காக இருக்கிறவளுக்குத் தூரம் எங்கே தெரியப்போகிறது?

வீட்டோடு ஒட்டி ஒரு குளியலறை கட்டிய கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முதல் என் மச்சாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இவருக்கு, அதாவது என் கணவருக்கு, ஒரே அக்கா. சின்ன வயதிலேயே தாலியை இழந்தவர். பிள்ளைகள் இல்லை. தனக்கென்று இருந்த வீட்டையும் காணியையும் விற்றுத்தான் தம்பிக்குத் தெற்கே ஒரு பட்டினத்தில் கடை போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு எங்களோடு வந்து இருந்தார். எங்களோடு என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. அந்த வீடு எனக்குச் சீதனமாக வந்த வீடு. தம்பி பெண்டாட்டியின் வீட்டில் இருக்கிறோம் என்பதை மச்சாள் ஒரு நாளும் மறக்கவில்லை. மறக்கும்படி நான் நடந்துகொண்டேனா என்று என்னையே கேட்டால், எனக்குப் பிடித்த பதில் வருவதில்லை.

குளியலறை கட்டுவதற்கு இரண்டு வருடம் முன்பு மச்சாள் கிணற்றடியில் பாசியில் வழுக்கி விழுந்தார். நோவுக்குப் பார்க்கிற பரியாரியார் வந்து எண்ணெய் போட்டு இழுத்துக் கட்டினார். இடுப்பு எலும்பு கூடியது, ஆனால் நேராகக் கூடவில்லை. அன்றிலிருந்து கையில் ஒரு தடி. இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். நடக்கிறார் அல்லவா, அது போதும் என்று நாங்கள் எல்லோரும் ஆறுதல் பட்டுக்கொண்டோம்.

இனித் தண்ணீரைப் பற்றி. தீவில் இரண்டு தண்ணீர் உண்டு. வீட்டுக் கிணற்றில் இருப்பது சவர்த் தண்ணீர். குளிக்கலாம், கழுவலாம், மாட்டுக்கு வைக்கலாம். வாயில் வைக்க ஏலாது. குடிக்கிற நல்ல தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அரை மைல் நடந்து பொதுக் கிணற்றுக்குப் போக வேண்டும். அங்கே வரிசை. கிணற்றில் ஊறி வரும் வரைக்கும் பொறுக்க வேண்டும். ஒரு குடும்பப் பெண்ணின் குணத்தை அவள் நல்ல தண்ணீரைச் செலவழிக்கிற விதத்தை வைத்தே எங்கள் பெண்கள் சொல்லிவிடுவார்கள். குடித்த மிச்சத்தை வாசலில் ஊற்றுகிறவளுக்கு அந்த ஊரில் நல்ல பெயர் கிடையாது.

மச்சாளிடம் ஒரு பித்தளை மூக்குப்பேணி இருந்தது. மூக்கு வைத்த அந்தச் சின்னப் பேணியில் காலையில் ஒரு தரம் தண்ணீர் குடிப்பார். மத்தியானம் சோற்றோடு பாதி. அவ்வளவுதான். கொதிக்கிற சித்திரை வெயிலிலும் அவ்வளவுதான். எனக்கு அதில் பெருமையோ பெருமை. கிணற்றடியில் நின்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்: "எங்கடை மச்சாளுக்கு ஒரு நாளைக்கு ஒண்டரைப் பேணி தண்ணி காணும். நல்ல தண்ணியின்ரை அருமை தெரிஞ்ச ஆள் எண்டால் அவதான்!" வீட்டுக்கு வருகிறவர்களிடமும் மச்சாளை வைத்துக்கொண்டே சொல்வேன். அவர் சிரித்துக்கொண்டு இருப்பார். கோடையில் அவருக்குச் சலம் போகும்போது எரிகிற சலக்கடுப்பு வந்து சுருண்டு படுப்பதும் உண்டு. உடம்புச் சூடு என்று நன்னாரி வேர் அவித்துக் கொடுப்பேன். அதிலும் இரண்டு மிடறு குடித்துவிட்டு, "காணும் பிள்ளை" என்று வைத்துவிடுவார்.

இந்த நிலையில்தான் நோனா வருகிறார் என்ற சேதி வந்தது.

இவரின் கடைக் கட்டடம் ஒரு சிங்களக் குடும்பத்துக்குச் சொந்தம். அந்த வீட்டு அம்மாவை இவர் நோனா என்பார். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். தமிழரைத் தேடி அடித்த ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் இவரைத் தன் வீட்டு நெல் அறைக்குள் ஒளித்து வைத்து, வாசலில் கதிரை போட்டுத் தானே உட்கார்ந்திருந்தவர் அந்த நோனா. தேடி வந்தவர்கள் அவரைத் தாண்டி உள்ளே போகத் துணியவில்லை. இங்கே ஊரில், இவர் திரும்பி வருவாரா இல்லையா என்று நானும் மச்சாளும் அம்மன் கோயில் படியில் கிடந்த நாட்கள் அவை. அந்தப் பெண் இல்லையென்றால் எனக்குக் குங்குமம் இல்லை, மச்சாளுக்குத் தம்பி இல்லை. அவருக்கு என்ன செய்தாலும் தகும் என்று நாங்கள் இரண்டு பேரும் அடிக்கடி பேசிக்கொள்வோம்.

அந்தக் கலவரம் நடந்து பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, ஒரு தைப்பொங்கலுக்கு வந்த இவர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: "இஞ்சாரும், வைகாசிப் பூரணை வெசாக்குக்கு நோனா நயினாதீவு விகாரைக்குக் கும்பிட வாறாவாம். எங்கடை வீட்டிலைதான் ரண்டு நாள் தங்கப் போறா."

எனக்குச் சந்தோஷத்தில் பொங்கல் பானையே கண்ணில் படவில்லை. மச்சாள் கைகூப்பினார். அடுத்த நிமிடம் மூன்று பேரும் ஒரே திசையில் பார்த்தோம். பனை வரிசைக்கு அப்பால்.

"நோனாவுக்கு இப்ப எழுபது வயது. முழங்கால் மடியாது" என்றார் இவர். "குந்தி இருக்க ஏலாது. அவ்வளவு தூரம் நடக்கவும் ஏலாது. வீட்டோடை ஒரு பாத்ரூம் கட்டத்தான் வேணும்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. இவர் பழைய கலண்டர் தாளைப் புரட்டி அதன் வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் படம் கீறுவார். நான் பார்த்துவிட்டு அழிப்பேன். கடைக்காரர் கீறிய படம் கடையைப் போலத்தான் இருந்தது. நாலு பக்கமும் தட்டு, நடுவில் ஆள் நிற்க இடமில்லை. சாமி அறைக்குப் பக்கத்தில் வரக்கூடாது. குசினிப் பக்கம் கூடவே கூடாது. கிணற்றுக்குக் கிட்டக் குழி தோண்டினால் இருக்கிற சவர்த் தண்ணீரும் போய்விடும். எல்லாவற்றையும் தள்ளிப் பார்த்தால் மிஞ்சியது ஒரே ஓர் இடம்தான். மச்சாள் படுக்கிற பக்கத்து அறையின் வெளிச்சுவர். அந்தச் சுவரோடு ஒட்டிக் கட்டி, வாசலை முன் விறாந்தைப் பக்கமாக வைத்தால் முன்னறையில் தங்குகிற விருந்தாளி நேரே போய் வரலாம்.

வேலணையில் இருந்து சைக்கிளில் வருகிற மேசன் ஒருவரைப் பிடித்தோம். குறைவாகப் பேசுகிற மனிதர். வந்த முதல் நாள் கயிறு பிடித்து, நிலத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குள் என்னை நிற்கச் சொன்னார். "கையை விரிச்சுச் சுத்திப் பாருங்கோ அக்கா" என்றார். சுற்றினேன். பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு எனக்கு ஏதோ சாமிக் கலை வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள்.

அப்போதுதான் மச்சாள் தன் அறை யன்னலுக்கால் மெல்லச் சொன்னார்: "மேசன், இந்தச் சுவரிலையும் ஒரு கதவு விட்டால் என்ன? மழை நாளையிலை வாற ஆக்கள் நனையாமல் போகலாம்."

நான் விட்டேனா? "நல்ல கதை மச்சாள்! கக்கூசுக்கு வீட்டுக்குள்ளாலை கதவோ? ஊர் சிரிக்கும். அதோடை உங்கடை கட்டிலைத் தாண்டி நோனா போறதோ?" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று மச்சாள் யன்னலை விட்டுப் போய்விட்டார். அந்த வீட்டில் அவர் எதையும் இரண்டாம் தரம் கேட்டதில்லை.

சீமெந்துத் தட்டுப்பாட்டுக் காலம் அது. ஊர் அதிகாரி விதானையாரிடம் அனுமதித் துண்டு வாங்கி, ஆள் மாறி ஆள் பிடித்து, ஒவ்வொரு மூடையாகத்தான் வந்தது. கதிரை போல உட்காருகிற கொமட் தீவில் எங்கே கிடைக்கும்? இவர் தெற்கில் இருந்து வைக்கோல் சுற்றிச் சாக்கில் கட்டி ரயிலில் கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்தில் இறங்கிக் குறிகாட்டுவான் பஸ்ஸில் தன் மடியோடு அணைத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் இருந்த பெரியவர் சாக்கின் வளைவைத் தடவிப் பார்த்துவிட்டு, "கோயிலுக்கோ தம்பி?" என்று கேட்டாராம். இவருக்கு ஓம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. தலையை ஒரு மாதிரி ஆட்டியிருக்கிறார். பெரியவர் இறங்கும்போது சாக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். இதைச் சொல்லிவிட்டு இவர் கன்னத்தில் போட்டுக்கொள்ள, மச்சாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். அவ்வளவு சத்தமாக அவர் சிரித்து நான் அதற்கு முதல் கேட்டதில்லை.

நோனாவின் முழங்காலை நாங்கள் மூன்று பேரும் தலையில் வைத்துக் கொண்டாடினோம். படி இருக்கக்கூடாது, ஒரு சாய்வு போதும் என்றேன். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், ஆள் உள்ளே விழுந்தால் தூக்க வசதி என்றார் மேசன். தண்ணீர் ஊற்றுகிறவர் உள்ளே போகாமல் வெளியில் நின்றே தொட்டியை நிரப்பச் சுவரில் ஒரு வாய் வைத்தார். நிலத்தை வழுக்காதபடி கரடாக விட்டார். தொட்டியை உள்சுவரோடு, மச்சாளின் அறைச் சுவரோடு, வைத்தால் இடம் மிஞ்சும் என்று நான் சொன்னேன். மேசன் கேட்கவில்லை. அது ஏதோ தண்ணீர் ஓட்டத்துக்குச் சரிவராது என்று முணுமுணுத்து, எதிர்ச்சுவரில் கட்டினார்.

கடைசியாகப் பிடித்து எழும்ப ஒரு இரும்புக் கம்பி. அதை எந்த உயரத்தில் பதிப்பது? நான் பிடித்துப் பார்த்தேன். மேசன் இல்லை என்று தலையாட்டினார். "சுகமான ஆள் பிடிச்சுச் சரிவராது அக்கா. ஏலாத ஆள்தான் பிடிக்க வேணும்."

நான் உடனே கூப்பிட்டேன்: "மச்சாள், இஞ்சை ஒருக்கா வந்து இதைப் பிடிச்சுப் பாருங்கோ."

மச்சாள் தடியை ஊன்றிச் சுற்றி வந்தார். மூடிய கொமட்டில் உட்கார்ந்தார். மேசன் கம்பியைச் சுவரில் ஏற்றியும் இறக்கியும் பிடிக்க, ஓர் இடத்தில் மச்சாள் தடி இல்லாமல் ஒரே மூச்சில் எழும்பி நின்றார். மேசன் கரியால் அந்த இடத்தில் கோடு போட்டார். கோடு போட்ட பிறகும் மச்சாளின் கை கம்பியிலேயே இருந்தது.

"பெரியக்காவுக்கும் இது நல்ல வசதி" என்றார் மேசன்.

"சீ, அவ இதுக்குள்ளை வரமாட்டா" என்றேன் நான். "அவவுக்குச் சுத்தந்தான் முக்கியம். வீட்டோடை கக்கூசு அவவுக்குச் சரிவராது. என்ன மச்சாள்?"

மச்சாள் கம்பியை விட்டார். "ஓம் ஓம்" என்றார். தடியை எடுத்துக்கொண்டு போனார்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. அவரின் கை அளவு எடுத்து, அவரின் இடுப்பு அளவு எடுத்து, அவரின் சுவரில் சாய்த்துக் கட்டி, அவரை விட்டுவிட்டு எல்லோருக்கும் கட்டினேன். இதைச் செய்யக் கெட்ட மனது தேவையில்லை. விருந்தாளி என்றதும் கண் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தால் போதும்.

பங்குனியில் வேலை முடிந்தது. வெள்ளை அடித்து, ஒரு கண்ணாடி மாட்டி, சவர்க்காரம் வைக்க ஒரு மாடம் விட்டு, கதவைப் பூட்டித் திறப்பை என் இடுப்பில் சொருகிக்கொண்டேன். நோனா வரும் வரைக்கும் ஒருவரும் காலடி வைக்கக்கூடாது. பார்க்க வந்த அயலட்டைப் பெண்களுக்குத் திறந்து காட்டிவிட்டுத் திரும்பவும் பூட்டுவேன். இப்படி இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் மச்சாள் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தார். காலையிலும் மாலையிலும் தடியை ஊன்றிப் பனை வரிசையைத் தாண்டிப் போய் வந்தார்.

வைகாசிப் பூரணைக்கு முதல் நாள் பின்னேரம் கார் வந்தது. நோனா, அவரின் மகன், இரண்டு பேர்தான். கனத்த உடம்பு, வெள்ளைச் சேலை, வாய் நிறையச் சிரிப்பு. கடைப் பழக்கத்தில் இவரிடம் இருந்து பொறுக்கிய பத்துப் பன்னிரண்டு தமிழ்ச் சொற்கள் அவரிடம் இருந்தன. "வாங்க, வாங்க" என்று எங்கள் வீட்டு வாசலில் எங்களையே வரவேற்றார். நான் காலில் விழுந்தேன். மச்சாள் குனிய முயன்றார், இடுப்பு விடவில்லை. நோனா அவரைப் பிடித்து நிமிர்த்திக் கன்னத்தில் தடவினார். பிறகு இவரின் காதில் ஏதோ கேட்டார். இவர் குளியலறையைக் காட்டினார்.

எங்கள் உழைப்பெல்லாம் வீண்போகவில்லை என்று அவர் வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். வந்த கையோடு கதிரையில் உட்கார்ந்து, "தண்ணி" என்றார். நல்ல தண்ணீர் செம்பில் கொடுத்தேன். குடித்தார். இன்னொன்று. அதையும் குடித்தார். நாலு செம்பு, ஒரே மூச்சில். தீவுக்காரப் புத்தி எங்கே போகும்? மனதுக்குள் குடத்தின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் ஐந்தாவது செம்பை நீட்டினேன்.

குளிப்பதற்கென்று அந்தத் தொட்டியை நல்ல தண்ணீரால் நிரப்பி வைத்திருந்தேன். வண்டிலில் பீப்பாய் வைத்து இரண்டு நடை. சவர்த் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, அவருக்குத் தலை சிக்குப் பிடித்துவிடும் என்று எனக்குக் கவலை. நோனாவோ அடுத்த நாள் காலை குறுக்குக்கட்டோடு கிணற்றடிக்குப் போய் நின்று, வாளி வாளியாக அள்ளி ஊற்றச் சொல்லித் தலையில் வாங்கினார். நுரைக்காத சவர்க்காரத்தைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

நயினாதீவுக்குப் போய் வந்த பிறகு மத்தியானச் சாப்பாடு. மேசையில் மரக்கறிச் சாப்பாடு பரிமாறினேன். வழக்கப்படி மச்சாள் ஒதுங்கிப் போய்க் குசினி வாசலில் உட்காரப் பார்த்தார். நோனா தன் பக்கத்துக் கதிரையை இழுத்துவிட்டு, "அக்கா, வாங்க" என்றார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது. ஆனால் இரண்டு பேருக்கும் நன்றாகப் பொழுது போனது.

சாப்பிட்டு முடிய நோனா, மச்சாளின் மூக்குப்பேணியைப் பார்த்தார். பாதித் தண்ணீர். மச்சாள் அதிலும் ஒரு மிடறுதான் குடித்திருந்தார்.

"அக்கா தண்ணி குடிக்க இல்லையா?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? இவரைப் பார்த்து, "சொல்லுங்கோ, எங்கடை மச்சாளுக்கு ஒண்டரைப் பேணி ஒரு நாளைக்குக் காணும் எண்டு சொல்லுங்கோ. நல்ல தண்ணியை அவ்வளவு பக்குவமாய்ப் பாவிக்கிறவ எண்டு" என்றேன். இவர் சொன்னார்.

நோனா சிரிக்கவில்லை. மச்சாளைப் பார்த்தார். பிறகு கதிரையில் சாய்த்து வைத்திருந்த தடியைப் பார்த்தார். பின்வாசல் வழியாகத் தெரிந்த கிணற்றையும், கொட்டிலையும், பனைகளையும் பார்த்தார். இவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். நீளமாகச் சொல்லி, கடைசியில் ஒரு கேள்வி கேட்டது போல இருந்தது. இவரின் காது சிவந்தது. தலையைக் குனிந்து இலையை மடித்தார்.

"என்ன சொல்லுறா?" என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்லை. சாப்பாடு நல்லாம்" என்றார்.

சாப்பாடு நல்லது என்பதற்கு ஒருவருக்குக் காது சிவக்காது. இவரைக் குசினிக்குள் கூப்பிட்டு வழியை மறித்துக்கொண்டு நின்றேன். சொல்லாமல் விடமாட்டேன் என்று தெரிந்ததும், அடுப்பைப் பார்த்தபடி சொன்னார்: "தான் நேற்று விடியப் புறப்பட்டதிலை இருந்து இஞ்சை வந்து சேரும் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி வாயிலை வைக்கேல்லையாம். வழியிலை ஒரு பொம்பிளை எங்கை போறது எண்டு." விறகொன்றை உள்ளே தள்ளினார். "பயணம் போற பொம்பிளையள்தான் தண்ணி குடிக்காமல் இருப்பினமாம். உங்கடை அக்கா வீட்டுக்குள்ளை இருந்துகொண்டு எந்தப் பயணம் போறா எண்டு கேட்டவ."

அந்த இடத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. ஒன்றரைப் பேணித் தண்ணீர். சலக்கடுப்பு. "மழை நாளையிலை வாற ஆக்கள் நனையாமல்." கம்பியை விடாத கை. கிணற்றடியில் நான் அடித்த தம்பட்டம் முழுக்க. விழுந்த நாளில் இருந்து இரண்டு வருடமாக அந்தத் தூரத்தைக் கணக்குப் பார்த்துத் தாகத்தை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் அதை ஊருக்குப் புகழாக விற்றிருக்கிறேன். இவரும் அழுதார், நானும் அழுதேன். இவர் அக்காவுக்காக அழுதார். நான் வெட்கத்தில் அழுதேன்.

மச்சாளிடம் போய்க் கேட்டேன். "சீ, அப்பிடி ஒண்டும் இல்லைப் பிள்ளை. எனக்குத் தாகம் எடுக்கிறது குறைவு" என்றார். முகத்தைத் திருப்பி யன்னலைச் சாத்தினார். நான் வெளியே வந்து, மச்சாளின் தடியைக் கையில் எடுத்து, அதை ஊன்றி, இடது காலை அவரைப் போல இழுத்துக்கொண்டு பனை வரிசை வரைக்கும் நடந்து பார்த்தேன். கொட்டிலைத் தாண்டுவதற்கு முதலே இடுப்பு வலித்தது. ஒரு கல்லில் தடி வழுக்கியது. எனக்கு அப்போது நாற்பது வயதும் நிறையவில்லை.

நோனா புறப்படும்போது என் கையைப் பிடித்துத் தட்டினார். என்ன அர்த்தத்தில் என்று நான் இவரிடம் கேட்கவில்லை. கார் தீவை விட்டுப் போகிற பாலத்துத் தெருவில் மறைந்ததும் இவரைச் சைக்கிளில் வேலணைக்கு அனுப்பினேன்.

மேசன் மறுநாள் காலையிலேயே உளியோடு வந்தார். மச்சாளின் அறைச் சுவரில் கதவு வைக்க வேண்டும் என்றேன். ஒரு கேள்வியும் கேட்காமல் அளவு பிடித்தார். தொட்டியும் குறுக்கே இல்லை, கம்பியும் குறுக்கே இல்லை. ஒரு கதவு வைக்க வேண்டிய இடம் அப்படியே வெறுமையாக இருந்தது.

"மேசன், உமக்கு அப்பவே தெரியுமோ?"

"எனக்கு என்ன தெரியும் அக்கா. பெரியக்கா யன்னலுக்காலை கதவு கேட்ட குரலைக் கேட்டனான், பிறகு கம்பியைப் பிடிச்ச பிடியையும் கண்டனான்" என்று சொல்லிவிட்டுச் சுவரைத் தட்டத் தொடங்கினார்.

ஊர் சிரிக்கத்தான் செய்தது. "அறைக்குள்ளையே கக்கூசாம், காலம் கெட்டுப் போச்சு" என்று அயலில் மூக்கைப் பொத்தினார்கள். பொத்துகிறவர்கள் பொத்தட்டும், முழங்கால் மடியாத நாளில் இந்தப் பக்கம் வருவார்கள் என்று நான் இருந்துவிட்டேன். திறப்பை என் இடுப்பில் இருந்து எடுத்து மச்சாளின் கட்டில் தலைமாட்டு ஆணியில் மாட்டினேன்.

ஆனால் மச்சாள் போகவில்லை. கதவு வைத்து மூன்று நாளாகியும் தடியை எடுத்துக்கொண்டு பனைப் பக்கமே போனார். "விருந்தாளியளுக்குக் கட்டினதை நான் ஊத்தைப்படுத்துறதே, பிள்ளை?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அவரில் அல்ல. வேறு ஆளைத் தேடிப் போகவும் தேவையில்லாத கோபம்.

கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "மச்சாள், அந்தக் கம்பி உங்கடை கைக்கு அளந்து வைச்சது. நோனாவுக்கு அது உயரம் காணாமல்தான் இருந்திருக்கும். இந்த வீட்டிலை உங்களுக்கு அளவான சாமான் அது ஒண்டுதான். நான் குருடி, எனக்குத் தெரியாமல் போச்சு. என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்றேன்.

மச்சாள் வெகு நேரம் என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு நான் குசினிக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் புதுக் கதவு கிறீச்சிட்டது கேட்டது. தொட்டியில் கோப்பை முட்டுகிற சத்தமும் கேட்டது. நான் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தேன். துருவுவதை நிறுத்தாமலே அழுதேன்.

அன்று மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் மச்சாள் மூக்குப்பேணியை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும் பிள்ளை."

ஊற்றினேன். அண்ணாந்து குடித்தார். திரும்பவும் நீட்டினார். ஊற்றினேன். அவரின் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னேரம் வருமுன் குடம் காலியாகிவிட்டது.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அரை மைல் நடந்து திரும்பவும் பொதுக் கிணற்றுக்குப் போனேன். வரிசையில் நின்றவள் ஒருத்தி என்னைக் கண்டு, "என்ன, இண்டைக்கு ரண்டாந்தரமும் வாறீர்? வீட்டிலை விருந்தாளியளோ?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன். "எங்கடை மச்சாள் தண்ணி குடிக்கிறா."